மஞ்சளும் தன்னுண்ணலும்: புள்ளியை எண்ணினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், மஞ்சளில் உள்ள குர்குமின் புற்றுச் செல்லைத் தன்னையே தின்ன வைத்துக் கொல்கிறது என்ற பொருளில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அதன் வாதம் இவ்வளவுதான்: குர்குமின் போட்ட செல்களில் பச்சைப் புள்ளிகள் பல மடங்கு பெருகின, எனவே செல் தன்னைத் தின்று செத்தது, எனவே நோயாளிகள் குர்குமின் மாத்திரை சாப்பிடலாம். இதில் இரண்டு ‘எனவே’ இருக்கின்றன. இரண்டுமே நிற்காது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். இதே வாதம் நிலவேம்பு, அமுக்கரா, கருஞ்சீரகம், பச்சைத் தேநீர் என்று பெயரை மாற்றிக்கொண்டு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

தன்னுண்ணல், அதாவது ஆட்டோபேஜி, செல்லின் அன்றாட வீட்டுவேலை. பழுதான மைட்டோகாண்ட்ரியா, சரியாக மடியாத புரதம், உள்ளே நுழைந்த கிருமி என்று வேண்டாததைச் சுற்றி இரட்டைச் சவ்வு வளர்ந்து ஒரு பையாக மூடிக்கொள்ளும். பையின் குறுக்களவு அரை மைக்ரானிலிருந்து ஒன்றரை மைக்ரான். அந்தப் பை பிறகு லைசோசோமோடு கலக்கும். லைசோசோமுக்குள் பிஎச் 4.5 முதல் 5 வரை. அந்தப் புளிப்பில்தான் அங்குள்ள நொதிகள் வேலை செய்யும். உள்ளே போனதெல்லாம் அமினோ அமிலமாகவும் கொழுப்பு அமிலமாகவும் உடைந்து செல்லுக்கே திரும்பி வரும். செல்லுக்குச் சத்து குறையும்போது எம்டார் என்ற புரதத்தின் பிடி தளரும், ஏஎம்பிகே என்ற புரதம் விழித்துக்கொள்ளும், இந்த வேலை சூடுபிடிக்கும். ஆக, செல் இதைச் செய்வது பிழைப்பதற்காக. சாவதற்காக இல்லை.

பையின் சவ்வில் எல்சி3 என்ற புரதம் ஒட்டியிருக்கும். அதில் பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி என்ற புரதத்தை இணைத்துவிட்டால் மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொரு பையும் ஒரு பச்சைப் புள்ளி. கட்டுரை பேசியது இந்தப் புள்ளிகளைத்தான்.

பெருங்குடி குப்பைக் கிடங்கின் வாசலில் நாற்பது லாரிகள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் குப்பை அள்ளும் வேலை மும்முரமாக நடப்பதால் இருக்கலாம். கிடங்கின் கேட்டைப் பூட்டிவிட்டதாலும் இருக்கலாம். நிற்கிற லாரியை எண்ணி இரண்டில் எது என்று சொல்ல முடியாது. உள்ளே கொட்டிவிட்டு வெளியே வருகிற லாரியை எண்ண வேண்டும். செல் விஷயத்திலும் பார்க்க வேண்டியது அந்த ஓட்டத்தை. பை உருவாவது கூடினாலும் புள்ளி பெருகும், லைசோசோம் செரிக்காமல் போனாலும் புள்ளி பெருகும். முதலாவது தன்னுண்ணல் தூண்டப்பட்டது, இரண்டாவது அது முடங்கியது. நேர் எதிரான இரண்டு நிலைக்கும் படம் ஒன்றுதான்.

2016-ல் நோபல் பரிசு பெற்ற யோஷினோரி ஓசுமியின் கண்டுபிடிப்பே பூட்டிய கேட்டிலிருந்து தொடங்கியதுதான். ஈஸ்ட் செல்லில் லைசோசோமின் இடத்தில் இருப்பது வாக்குவோல். அதற்குள் செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட் வகையை அவர் பட்டினி போட்டார். வந்த பைகளைச் செரிக்க ஆளில்லை. சில மணி நேரத்தில் வாக்குவோல் முழுக்கப் பைகள் குவிந்து, சாதாரண மைக்ரோஸ்கோப்பிலேயே கண்ணுக்குத் தெரிந்தன. இது 1992-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே, இந்த வேலைக்குத் தேவையான மரபணுக்கள் பழுதான 15 ஈஸ்ட் வகைகளைப் பிரித்துக் காட்டினார். குவிந்தது தெரிந்தால் அது செரிக்காததால்தான் என்பதை முதலிலிருந்தே தெரிந்து செய்த சோதனை அது.

நம் மண்ணுக்குத் தெரிந்த இரண்டு செடிகளை வைத்தே இதைச் சொல்லலாம். சுடுகாட்டுமல்லி என்றும் நித்தியகல்யாணி என்றும் சொல்கிற செடியிலிருந்து வருவது வின்பிளாஸ்டின். இது செல்லுக்குள் பைகள் நகர்ந்து போகும் தண்டவாளமான நுண்குழல்களைக் குலைத்துவிடும். பை லைசோசோமைச் சென்று சேராது, புள்ளிகள் குவியும். பல பத்தாண்டுகளாக ஆய்வகங்கள் பைகளைக் குவித்துப் பார்ப்பதற்கே இதைப் பயன்படுத்தி வந்திருக்கின்றன. இரண்டாவது சிங்கோனா. 1860-களில் நீலகிரியில், நடுவட்டம் பக்கமெல்லாம் அரசே தோட்டம் போட்டு வளர்த்த மரம். அதன் பட்டையில் உள்ள குயினைனின் வழியில் வேதியியலாளர்கள் செயற்கையாக உருவாக்கியது குளோரோகுயின். அது லைசோசோமுக்குள் போய்ப் புளிப்பைக் குறைத்துச் செரிமானத்தை நிறுத்தும். புள்ளியை மட்டும் எண்ணுகிறவர் கையில் குளோரோகுயினைக் கொடுத்தால் ‘தன்னுண்ணலைப் பிரமாதமாகத் தூண்டுகிறது’ என்றுதான் எழுதுவார். உண்மை தலைகீழ்.

சரியாகச் சோதிப்பது எப்படி? கல்லூரி ஆய்வகங்களில் எம்எஸ்சி மாணவர்களும் இந்த வேலையில் இறங்குவதால் அளவோடு சொல்கிறோம். ஆறு குழித் தட்டில் குழிக்கு இரண்டு மூன்று லட்சம் செல்களை இட்டு ஓர் இரவு விடுங்கள். 7.4 மில்லிகிராம் குர்குமினை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் 1 மில்லிலிட்டருக்குக் கரைத்தால் 20 மில்லிமோலார். 2 மில்லிலிட்டர் ஊடகத்துக்கு இதில் 2 மைக்ரோலிட்டர் போட்டால் 20 மைக்ரோமோலார் குர்குமினும் 0.1 சதவீதம் டிஎம்எஸ்ஓவும் சேரும். கட்டுப்பாட்டுக் குழிக்கும் அதே 0.1 சதவீத டிஎம்எஸ்ஓ கட்டாயம். மொத்தம் குறைந்தது நான்கு குழிகள் வேண்டும்: டிஎம்எஸ்ஓ மட்டும், குர்குமின் மட்டும், பஃபிலோமைசின் மட்டும், குர்குமினும் பஃபிலோமைசினும் சேர்த்து. ஐந்தாவதாக உப்புக் கரைசலில் பட்டினி போட்ட குழி ஒன்று இருந்தால், அந்தச் செல்லில் தன்னுண்ணல் ஒழுங்காக நடக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். பஃபிலோமைசின் லைசோசோமின் புளிப்பேற்றும் பம்பை அடைக்கும் மருந்து. 100 நானோமோலார், கடைசி இரண்டு முதல் நான்கு மணி நேரம் போதும். 24 மணி நேரம் விட்டால் செல்லே நிலைகுலைந்துவிடும், முடிவு எதற்கும் உதவாது.

கணக்கு எளிது. பஃபிலோமைசின் மட்டும் போட்ட குழியைவிட இரண்டும் சேர்ந்த குழியில் எல்சி3-2 (பையின் சவ்வில் ஒட்டிய எல்சி3; ஒட்டாதது எல்சி3-1) கூடியிருந்தால் பை உருவாவது உண்மையிலேயே கூடியிருக்கிறது. இரண்டிலும் ஒரே அளவு, குர்குமின் மட்டும் போட்டதிலும் எல்சி3-2 ஏறியிருக்கிறது என்றால் நம் பொருளே கேட்டைப் பூட்டியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

இந்தப் புரதங்களை ஜெல்லில் ஓட்டிப் பிரித்து அளக்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. எல்சி3-1 சுமார் 16 கிலோடால்டனிலும் எல்சி3-2 சுமார் 14-லும் தெரியும். கொழுப்பு ஒட்டியிருப்பதால் இரண்டாவதன் எடை கூடுதல்தான், ஆனாலும் ஜெல்லில் அது வேகமாக ஓடும். இவ்வளவு சிறிய புரதம் 0.45 மைக்ரான் சவ்வை ஊடுருவிப் போய்விடும். 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் சவ்வு வேண்டும், ஜெல் 12 முதல் 15 சதவீதம். சாம்பிளைத் திரும்பத் திரும்ப உறைய வைத்து உருக்கினால் எல்சி3-1 சிதைந்துபோகும். அதனால் 2-க்கு 1 என்று விகிதம் போடாமல், 2-ஐ, எல்லாச் செல்லிலும் இருக்கும் ஆக்டின் என்ற புரதத்தோடு ஒப்பிடுவதே பாதுகாப்பு.

இன்னொரு பொறி பி62, பைக்குள் போய்ச் செரிபடும் ஒரு புரதம். தன்னுண்ணல் ஓடினால் பி62 செரிந்து குறைய வேண்டும் என்பது பாடம். ஆனால் என்ஆர்எஃப்2 என்ற புரதம் விழித்தால் பி62-ன் மரபணு கூடுதலாக வேலை செய்யும். குர்குமினும் முட்டைக்கோஸ் குடும்பத்தின் சல்ஃபோரஃபேனும் எழுப்புவதே என்ஆர்எஃப்2-ஐத்தான். ஒருபக்கம் செரிந்துகொண்டே மறுபக்கம் புதிதாக வந்துகொண்டிருந்தால் பிளாட்டில் பி62 ஏறினதாகவே தெரியும். குழாயை மூடாமல் தொட்டி காலியாகிறதா என்று பார்ப்பது போல.

குர்குமினுக்கென்றே சில தனிச் சிக்கல்களும் உண்டு. 37 டிகிரியில், பிஎச் 7.2 உள்ள, சீரம் சேர்க்காத கரைசலில் அதில் 90 சதவீதம் அரை மணி நேரத்தில் சிதைந்துவிடும். சீரம் 10 சதவீதம் இருந்தால் சுமார் எட்டு மணி நேரத்தில் பாதி. 24 மணி நேரச் சோதனையில் செல் பார்த்தது குர்குமினையா அதன் சிதைவுப் பொருளையா என்ற கேள்வி இருந்துகொண்டே இருக்கும். கடையில் குர்குமின் என்று விற்பதும் பெரும்பாலும் கலவை. முக்கால் பங்கு குர்குமின், மீதி அதன் இரண்டு உடன்பிறப்புகள். எல்லாவற்றுக்கும் மேலாக, குர்குமினே ஒளிரும்! ஜிஎஃப்பிக்குக் கொடுக்கும் நீல ஒளியில் அதுவும் பச்சையாகத் தெரியும், செல்லின் சவ்வுகளில் போய்த் தேங்கும். ஜிஎஃப்பியே இல்லாத செல்லில் குர்குமின் மட்டும் போட்டு எடுத்த படம் பக்கத்தில் இல்லாவிட்டால் பச்சைப் புள்ளி எது, மஞ்சள் கறை எது என்று யாராலும் பிரிக்க முடியாது. பச்சைத் தேநீரில் உள்ள ஈஜிசிஜி என்ற பொருளுக்கு வேறு குணம். கல்ச்சர் ஊடகத்தில் கலந்ததுமே ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். கேட்டலேஸ் நொதியைச் சேர்த்துப் பார்க்காமல், செல்லுக்கு நேர்ந்ததை ஈஜிசிஜியின் கணக்கில் எழுதக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் தேறி நிற்கும் சேதிகள் உண்டு. மறுக்கவில்லை. மூளைப் புற்றான குளியோமாவின் செல்களில் குர்குமின் எம்டார் பாதையை அடக்கித் தன்னுண்ணலைத் தூண்டுவதை 2007-ல் காட்டினார்கள். மரமஞ்சளின் பெர்பெரின் ஏஎம்பிகே வழியே தூண்டுகிறது. நிலவேம்பின் ஆண்ட்ரோகிராபோலைடு எதிர்த்திசை: பையும் லைசோசோமும் கலப்பதைத் தடுக்கிறது. அமுக்கராவின் வித்தாஃபெரின்-ஏ விஷயத்தில் மார்பகப் புற்றுச் செல்களை வைத்தே தூண்டுகிறது என்றும் ஓட்டத்தை அடைக்கிறது என்றும் இரு தரப்பு ஆய்வுகள் இருக்கின்றன. ‘தாவரப் பொருள் தன்னுண்ணலைத் தூண்டும்’ என்று பொதுவாக ஒரு வாக்கியம் எழுதவே இடமில்லை.

இரண்டாவது ‘எனவே’வுக்கு வருவோம். தன்னுண்ணல் கூடியது நிஜம் என்றே வைத்துக்கொண்டாலும், செல் செத்தது அதனாலா? செத்துக்கொண்டிருக்கும் செல் பிழைக்கப் போராடும்போதும் தன்னுண்ணல் கூடும். தீ விபத்து நடந்த இடத்திலெல்லாம் தீயணைப்பு வண்டி நிற்கிறது என்பதற்காகத் தீ வைத்தது அந்த வண்டி என்று சொல்வோமா? பார்க்க வழி இருக்கிறது. தன்னுண்ணலுக்குத் தேவையான ஏடிஜி5 அல்லது ஏடிஜி7 மரபணுவை முடக்கிவிட்டு அதே அளவு பொருளைப் போட வேண்டும். அப்போது செல்கள் பிழைத்தால் கொன்றது தன்னுண்ணல். முன்பைவிட அதிகமாகச் செத்தால் அது காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. சுமார் 1,400 வேதிப்பொருள்களை எலும்புப் புற்றுச் செல்களில் சோதித்த ஓர் ஆய்வில், தன்னுண்ணலின் மூலமாகவே செல்லைக் கொன்ற பொருள் ஒன்றுகூடத் தேறவில்லை.

புற்றுநோயில் தன்னுண்ணல் எந்தக் கட்சி என்பது காலத்தைப் பொறுத்தது. தன்னுண்ணலுக்குத் தேவையான பெக்லின்-1 மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றை நீக்கிய எலிகளுக்குத் தாமாகவே கட்டிகள் வந்தன என்று 2003-ல் காட்டினார்கள். அதாவது நோய் வருமுன் இது காவல்காரன். கட்டி வளர்ந்தபின் கதை மாறும். ரத்தக் குழாய் எட்டாத கட்டியின் நடுப்பகுதிச் செல்கள் பசியில் பிழைத்திருப்பதே தன்னுண்ணலால்தான். கணையப் புற்று இதில் மிக மோசம்: அங்கே அது எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும், நோயெதிர்ப்புச் செல்களுக்கு அடையாளம் காட்டும் புரதங்களைக்கூடச் செரித்துக் கட்டியை மறைத்துவைக்கும். அதனால்தான் மருத்துவ உலகம் எதிர்த்திசையில், தன்னுண்ணலைத் தடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயினைச் சோதித்தது. பரவிய கணையப் புற்று உள்ள 112 பேரிடம் நடந்த, 2019-ல் வெளிவந்த ஆய்வில், கீமோவோடு தினம் 1,200 மில்லிகிராம் சேர்த்தவர்களில் 38 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. சேர்க்காதவர்களில் 21 சதவீதம். ஆனால் ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் முறையே 41, 49 சதவீதம். ஆயுள் கூடவில்லை. தடுத்தாலே இவ்வளவு குழப்பம் என்னும்போது, தூண்டிவிடும் மாத்திரையை நோயாளிக்குப் பரிந்துரைக்க எந்தத் துணிச்சலில் எழுதினார்கள்?

அளவையும் பார்த்துவிடுவோம். ஆய்வகத் தட்டில் குர்குமின் 10 முதல் 40 மைக்ரோமோலார் வரை போடுவது வழக்கம். தைவானில் 2001-ல் வெளிவந்த ஆய்வில் தினம் 8 கிராம் தூய குர்குமின் கொடுத்தும் ரத்தத்தில் உச்ச அளவு சராசரியாக 1.77 மைக்ரோமோலாரைத் தாண்டவில்லை. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம் என்று கொண்டால் 8 கிராமுக்கு ஏறக்குறைய 265 கிராம் தூள் வேண்டும். குழம்பில் போடும் ஒரு சிட்டிகையைப் பற்றிப் பேசவே தேவையில்லை. குடலும் கல்லீரலும் சேர்ந்து உறிஞ்சின கொஞ்சத்தையும் உருமாற்றிக் கழித்துவிடுகின்றன. உறிஞ்சப்படாமல் குடலிலேயே தங்குவதால் பெருங்குடல் திசுவில் மட்டும் ஓரளவு தேறுகிறது. குர்குமினில் ஆராயத் தகுந்த இடம் ஒன்று உண்டென்றால் அதுதான்.

இதைச் சமாளிக்கத்தான் மாத்திரைகளில் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 1998-ல் பெங்களூரு ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்வது 20 மடங்கானது. விளம்பரங்கள் இந்த எண்ணைச் சொல்லும். காரணத்தைச் சொல்லாது. கல்லீரல் மருந்துகளைக் கழிக்கும் வழியை பைப்பரின் அடைக்கிறது, அதனால்தான் குர்குமின் தேங்குகிறது. அதே வழியில் கழிய வேண்டிய கீமோ மருந்துகளும் பல. நெதர்லாந்தில் மார்பகப் புற்று மருந்தான டமாக்சிஃபென் சாப்பிடும் பெண்களிடம் நடந்த சிறிய ஆய்வில், பைப்பரின் சேர்ந்த குர்குமின் எடுத்தபோது மருந்தின் செயல்படும் வடிவமான எண்டாக்சிஃபென் சுமார் 12 சதவீதம் குறைந்தது. பச்சைத் தேநீரின் ஈஜிசிஜி, எலும்பு மஜ்ஜைப் புற்றான மைலோமாவுக்குத் தரும் போர்டிசோமிப் மருந்தை நேராகப் பிடித்துச் செயலிழக்கச் செய்வதை 2009-லேயே எலிகளில் காட்டிவிட்டார்கள். கல்லீரலுக்கும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் 2022-ல் தொகுத்த, மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதித்த 10 பேரில் ஐவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேருக்கு ஒரே வகை மரபணுக் கூறு இருந்தது. யாருக்கு அது இருக்கிறது என்று மாத்திரை டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சமையல் மஞ்சளுக்கும் ரசத்து மிளகுக்கும் இது பொருந்தாது. பயப்பட வேண்டாம். சிகிச்சையில் இருப்பவர்கள் ‘95 சதவீதம் குர்குமினாய்டு’ என்றோ பைப்பரின் என்றோ அச்சிட்ட எதையாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அந்த டப்பாவையே எடுத்துப்போய் கீமோ தரும் மருத்துவரிடம் காட்டுங்கள். ‘ஏதோ மூலிகைதான்’ என்று வாயால் சொன்னால் அவருக்கு விளங்காது. சிறுநீர் டீ நிறத்தில் போனாலோ கண் மஞ்சளித்தாலோ மாத்திரையை உடனே நிறுத்தி, அன்றே கல்லீரல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள். விரதம் இருந்தால் புற்று தன்னைத் தின்றுவிடும் என்ற பேச்சையும் சேர்த்து ஒதுக்குங்கள். ஓசுமி பட்டினி போட்டது ஈஸ்டை. கீமோவில் எடை இழப்பவர்களுக்கு, எடை இன்னும் குறைந்தால் அடுத்த சுற்று மருந்தையே தள்ளிப்போட வேண்டி வரும்.

நித்தியகல்யாணியும் பட்டையிலிருந்து டாக்சால் தந்த பசிபிக் யூ மரமும் புற்றுநோய் மருந்துகளைத் தந்த செடிகள்தான். ஆனால் நித்தியகல்யாணியிலிருந்து வரும் இன்னொரு மருந்தான வின்கிறிஸ்டின் உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 1.4 மில்லிகிராம், பொதுவாக ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மிகாமல், முதுகுத்தண்டு வழியாக அல்ல, ரத்தநாளத்தில் மட்டும் என்று அளந்து கொடுக்கப்படுகிறது. அதே செடியின் இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொல்லும் மருத்துவர் எவரும் இல்லை.

தங்களிடம் ஒரு கோரிக்கை. கட்டுரையோடு வந்த படத்துக்குக் கீழே பொருளின் அளவும், எந்தச் செல் என்பதும், எத்தனை மணி நேரம் என்பதும் இல்லை. பஃபிலோமைசின் போட்ட குழியின் படமும், ஜிஎஃப்பி இல்லாமல் குர்குமின் மட்டும் போட்ட செல்லின் படமும் கட்டுரையாளரிடம் இருந்தால் கேட்டு வாங்கி, பழைய படத்தோடு மூன்றையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடுங்கள். இல்லை என்று அவர் சொன்னால் அதையும் இரண்டு வரியில் அச்சிட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
செல் உயிரியல் ஆய்வுக்கூடப் பணியாளர்கள் இருவர்,
சென்னை.